அப்பா போட்டுக்கொள்ளாத சூட்

அன்று வீட்டில் இருந்தவர்கள்: அம்மா. அப்பாவின் அக்கா, ரோடா அத்தை. அப்பாவின் தம்பி, ஜைரோஸ் சித்தப்பா. ரோடா அத்தையின் மகன் பிகிராய். துணிகளைப் பங்கு வைக்க வேண்டியவன் அவன்தான். அப்பாவின் சஹ்விரா, டொபைவா. நான். வாசல்படியில் பக்கத்து வீட்டுப் பெண்கள் மூன்று பேர். அவர்களுக்குப் பங்கு எதுவும் இல்லை, ஆனால் ஒரு சொல்லையும் தவறவிடும் எண்ணமும் இல்லை. கூடத்தின் நடுவில் பாய். பாயின் மேல் ஒரு மூட்டை.

அப்பா மார்ச்சில் இறந்தார். துணிகளை ஆகஸ்டில்தான் பிரித்தோம். நடுவில் ஐந்து மாதம் அவர் உடுத்தியது எதையும் யாரும் தொடவில்லை. சட்டை, கால்சட்டை, பெல்ட், தொப்பி, ரயில்வே யார்டில் கொடுத்த கனத்த மேல்கோட்டு, எல்லாம் அம்மாவின் அறை மூலையில் கட்டிக் கிடந்தன. இறந்தவரின் சகோதரி மகன் வந்துதான் முடிச்சை அவிழ்க்க வேண்டும். பிகிராய் ஹராரேயில் லாரி ஓட்டுகிறான். அவனுக்கு லீவு கிடைக்க இத்தனை நாளாயிற்று.

எனக்கு அந்த மூட்டையைப் பற்றிக் கவலை இல்லை. டொபைவாவைப் பற்றித்தான் கவலை.

சஹ்விரா என்றால் நண்பர்தான், ஆனால் நாமாகப் பிடித்த நண்பர் இல்லை. என் தாத்தாவுக்கு டொபைவாவின் அப்பா சஹ்விரா. என் அப்பாவுக்கு டொபைவா. ரத்த உறவு கிடையாது. ஆனால் சாவு வீட்டில் அவருக்கு இருக்கும் உரிமை கூடப்பிறந்தவனுக்கும் இல்லை. எல்லோரும் அழுதுகொண்டிருக்கும்போது இறந்தவரின் சட்டையை மாட்டிக்கொண்டு அவரைப் போலவே நடப்பார், இருமுவார், அவர் மனைவியிடம் டீ கேட்பார். எந்த ரகசியத்தையும் எடுத்து நடுவீட்டில் போடலாம். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. அடக்கத்தன்று அவர் அப்பாவின் குறட்டையைச் செய்து காட்டினார். குழி வெட்டிய ஆட்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். என்னைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு மிச்சம் வைத்ததை இன்றைக்கு எடுப்பார் என்று நினைத்தேன். அப்பா அவரிடம் எதையும் மறைத்ததில்லை.

மறைக்க வேண்டியது இதுதான். குடும்பத்தில் எல்லோரும் என்னை இன்ஜினியர் என்று கூப்பிடுகிறார்கள். நான் இன்ஜினியர் இல்லை. புலவாயோ நகரத்தில் இரண்டு வருஷம் இன்ஜினியரிங் படித்தேன். மூன்றாவது வருஷம் பலகையில் எழுதுவது எதுவும் தலைக்குள் போகவில்லை. பெரிய காரணம் எதுவும் கிடையாது. குடிக்கவில்லை, காதலிக்கவில்லை. ஒரு நாள் வகுப்புக்குப் போகவில்லை, மறுநாளும் போகவில்லை. ஏழு மாதம் அறையில் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தேன். பிறகு பெட்டியைக் கட்டிக்கொண்டு எங்கள் ஊர் க்வேருவுக்கு ரயில் ஏறினேன்.

அப்பா க்வேரு யார்டில் முப்பத்தொரு வருஷம் ஷண்டிங் ஆள், பெட்டிகளைக் கோக்கவும் பிரிக்கவும் செய்பவர். இன்ஜின் டிரைவருக்குப் பின்னால் இருக்கும் பெட்டிகள் தெரியாது. தண்டவாளத்தின் ஓரம் நின்று கையைக் காட்டுகிற ஆளைத்தான் தெரியும். அந்தக் கையைப் பார்த்துத்தான் வண்டியை நகர்த்துவார். அப்பாவுக்கு அந்தக் கை வீட்டிலும் அடங்காது. தட்டில் சட்ஸா, எங்கள் சோளக்களி, போதும் என்பதற்கும் கை, இன்னும் போடு என்பதற்கும் கை. வாயால் சொன்னது கொஞ்சம். அதிலும் முக்கால்வாசி யார்டு விஷயம். கண்ணால் பார்க்காததற்குக் கையைக் காட்டாதே. ஓடுகிற பெட்டிக்கும் நிற்கிற பெட்டிக்கும் நடுவில் போகாதே. பெட்டியோடு பெட்டி சேர்க்கும் கப்ளிங்கை மாட்டினால் போதாது, இழுத்துப் பார். இழுத்துப் பார்க்காதது மாட்டியதாக ஆகாது. சின்ன வயதில் இதெல்லாம் எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் ரயிலா என்று நினைப்பேன்.

க்வேருவில் இறங்கிய அன்று காலை பிளாட்பாரத்தில் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு நடக்கக் கால் வரவில்லை. அப்பா ஷிப்ட் முடிந்து அந்தப் பக்கமாக வந்தார். என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"எத்தனை மாசமா?" என்றார்.

"ஏழு."

"சாப்பிட்டியா?"

"இல்லை."

மறுகால் கயிற்றையும் அவிழ்த்துக் கட்டிவிட்டுச் சொன்னார். "வண்டி பின்னால போறப்போ டிரைவருக்குக் கை காட்டறவன் கண்ணுல படலைன்னா என்ன பண்ணணும்?"

இது எனக்கு ஆறு வயதிலிருந்து தெரியும். "நிறுத்தணும்."

"நிறுத்தினதுக்காக எந்த டிரைவரையும் நான் திட்டினது இல்லை. நிறுத்தாதவனைத்தான் திட்டியிருக்கேன். எழுந்திரு. பெட்டியை நான் தூக்கறேன், உன் மூஞ்சியப் பாத்தா நீயே விழுந்துடுவ போல."

அவ்வளவுதான். அம்மா கதவைத் திறந்து, "படிப்பு நடுவுல எதுக்கு வந்திருக்கான்?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொன்னார். "பயிற்சிக்கு அனுப்பியிருக்காங்க. இங்க பேக்கரியில மெஷின் பாக்கணும். ராத்திரி ஷிப்ட்."

பார்க்காததற்குக் கை காட்டாத மனிதர். வாழ்க்கையில் ஒரே ஒரு விஷயத்தில் காட்டினார், அதுவும் எனக்காக. அப்போது எனக்குப் பேக்கரியில் வேலையே கிடையாது. அடுத்த வாரம் அவரே போய் யாரிடமோ கேட்டு வாங்கிக் கொடுத்தார். மாவு பிசையும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கும் வேலை. இயந்திரம் இருந்ததால் பாதி பொய் உண்மையாயிற்று. மறுவருஷம் அம்மா பட்டமளிப்பு விழாவைப் பற்றிக் கேட்டபோது, "இவனுக்கு லீவு கிடைக்கல, பட்டத்தைத் தபால்ல அனுப்பிடுவாங்க" என்றார். அன்று சட்ஸாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். பொய் சொல்லிப் பழக்கம் இல்லாதவர்களுக்குச் சாப்பாடு இறங்காது.

பிறகு ஒரு சாயங்காலம், நான் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் வைத்துச் சொன்னார். "உனக்கு முதல் வருஷம் பாஸானப்போ புலவாயோல ஒரு சூட் வாங்கினேன். உன் விழாவுக்குப் போட. உங்கம்மாவுக்குத் தெரியாது. மூணு வருஷம் முன்னாடியே யாரு சூட் வாங்குவாங்கன்னு திட்டுவா. டிரங்குப் பெட்டியில இருக்கு."

"வேற எதுக்காவது போட்டுக்கங்கப்பா."

"போடுவேன். நீ என்னிக்கு உன் வாயால அவகிட்ட சொல்றியோ அன்னிக்குப் போடுவேன். கடைக்கு உப்பு வாங்கப் போனாலும் அதைப் போட்டுட்டுத்தான் போவேன்."

நான் சொல்லவில்லை. நாள் இருக்கிறது என்று நினைத்தேன். அவர் மறுபடி அதைப் பற்றிப் பேசவில்லை. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு எனக்குப் பின்னால் கதவைச் சாத்தி, சாவியைத் திருப்பி, உள்ளேயிருந்து இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பார். டக், டக். தெருமுனை வரைக்கும் அந்தச் சத்தம் என் முதுகில் இருக்கும். மார்ச்சில் ஒரு மதியம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். அதன்பிறகு அம்மா விளக்கு வைக்கும் முன்பே அறைக்குள் போய்விடுவாள். நானே வெளியேயிருந்து பூட்டிக்கொண்டு போனேன். அவள் அடக்கத்திலும் அழவில்லை. யாருடனும் சரியாகப் பேசவும் இல்லை.

சரி, ஆகஸ்டுக்கு வருகிறேன்.

பிகிராய் மூட்டையை அவிழ்த்ததும் டொபைவா முதல் ஆளாகப் பாய்ந்து யார்டு மேல்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். அப்பாவின் விசிலைக் கழுத்தில் போட்டார். வயிற்றை முன்னால் தள்ளி, இடது தோளைக் கொஞ்சம் இறக்கினார். அப்பாவே நின்றார்.

அப்போதுதான் ரோடா அத்தை நாற்காலியில் உட்காரப் போனாள். அத்தை கனத்த உடம்பு. டொபைவா விசிலை ஊதினார்.

"நில்லு ரோடா. கை காட்டாம எந்த வண்டியும் பின்னால வரக் கூடாது."

"எனக்கா கை காட்டற? மூட்டுவலில நிக்கறேன்டா நான்."

"மெதுவா. இன்னும் ரெண்டடி. வா, வா." இடது கையை மேலே உயர்த்தி மெதுவாகத் தன் பக்கம் இழுத்தார், அப்பா யார்டில் காட்டும் அதே சைகை, வழி சரியாக இருக்கிறது, வா. "லோடு அதிகம், பாத்து. நில்லு." அத்தை தொப்பென்று உட்கார்ந்தாள். "கோத்தாச்சு. இழுத்துப் பாக்கணும்." அத்தையின் கையைப் பிடித்து இழுத்தார். நாற்காலியும் சேர்ந்து நகர்ந்தது. "நல்ல கப்ளிங். இனி சாயங்காலம் வரைக்கும் பிரியாது."

"குரங்குக் குலத்துல பிறந்தவன் செத்துப் போனா, அவன் சட்டையில இன்னொரு குரங்கு ஏறிக்குது" என்றாள் அத்தை. எங்கள் குலம் குரங்கு. அப்பாவை எல்லோரும் முகான்யா என்று அந்தக் குலப்பெயரால்தான் கூப்பிடுவார்கள். படியில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. பாயைப் பார்த்தபடி இருந்தாள்.

டொபைவா என் பக்கம் திரும்பினார். "இன்ஜினியர் சார் இன்னும் தூங்கலையா? ராத்திரியெல்லாம் மெஷின் பாத்துட்டு வந்திருப்பாரு." ஒரு கணம் என் கண்ணைப் பார்த்தார். பிறகு சித்தப்பாவின் தொப்பையைக் கிண்டல் செய்யப் போய்விட்டார்.

பங்கு ஆரம்பித்தது. பிகிராய் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, அத்தையின் முகத்தைப் பார்த்து, கொடுத்தான். கோடு போட்ட சட்டை சித்தப்பாவுக்கு. பெல்ட்டும் சித்தப்பாவுக்கே, கடைசி ஓட்டையில்தான் அவருக்கு மாட்ட முடிந்தது. தேவாலயத்துக்குப் போடும் சட்டை அத்தையின் வீட்டுக்காரருக்கு. தொப்பியைப் பிகிராய் தானே வைத்துக்கொண்டான். எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தபோது அத்தை, "அந்த டிரங்குப் பெட்டி?" என்றாள்.

"அதுல யார்டு காகிதம்தான் இருக்கும் அக்கா" என்றாள் அம்மா. "அவரு திறந்து நான் பாத்ததே இல்லை."

அப்பாவின் சாவிக்கொத்தில் ஐந்தாவது சாவி பொருந்தியது. மேலே காகிதம்தான் இருந்தது. அடியில் கடைப் பையோடு சூட். கறுநீலம். கைப்பகுதியில் கடைச்சீட்டு தைத்தபடியே இருந்தது. பிகிராய் அதை உதறித் தூக்கினான். அத்தை கையை நீட்டி வாங்கி, அக்குளில் மூக்கை வைத்து முகர்ந்தாள்.

"இது ஒரு தடவைகூட உடம்புல ஏறலை" என்றாள். "வேர்வையே இல்லை. வேர்வை படாத துணியைப் பங்கு வைக்க முடியாது."

சித்தப்பா சீட்டைப் படித்தார். "புலவாயோ கடை. பில்லும் பையில இருக்கு. நாலு வருஷத்துக்கு மேல ஆச்சு." நிமிர்ந்தார். "அண்ணன் எந்தக் கல்யாணத்துக்கு இதை வாங்கினாரு?"

படியில் ஒருத்தி மற்றவளின் காதில் எதையோ சொன்னாள்.

"மாய் குவின்யாய், உனக்குத் தெரியுமா இது?" என்று அத்தை அம்மாவைக் கேட்டாள். மாய் என்றால் அம்மா. குவின்யாய் நான்தான்.

"தெரியாது அக்கா."

"அந்த வருஷம் மாசாமாசம் அவன் புலவாயோ போனானே."

"பிள்ளையைப் பாக்கப் போறேன்னு சொன்னாரு." அம்மா என் பக்கம் பார்க்காமலே கேட்டாள். "மாசாமாசம் வந்தாரா?"

"வந்தாரும்மா" என்றேன்.

"வந்துட்டு அன்னிக்கே திரும்பிடுவாரா?"

சில சமயம் திரும்பிவிடுவார். சில சமயம் கடைசி வண்டி போய்விடும், சரக்கு வண்டி கார்டு அறையில் படுத்துக்கொள்வார். அதை நான் சொன்னபோது எனக்கே பொய் போலக் கேட்டது.

சித்தப்பா தொண்டையைச் செருமினார். "நான் தப்பா எதுவும் சொல்லலை. ஆனா மறைச்சு வச்ச சூட் எதுக்குன்னு ஊர்ல கேட்டா எல்லாரும் ஒரே பதில்தான் சொல்லுவாங்க."

"நீ சொல்ல வேண்டாம், நானே சொல்றேன்" என்றாள் அத்தை. "அங்க ஒருத்தி இருந்திருந்தா, அவளும் இந்தப் பாயில வந்து உக்காரணும். என் தம்பியோட துணியில அவளுக்கும் பங்கு இருக்கு. குழந்தை கிழந்தை இருந்தா அதுக்கும் இருக்கு. அவளை விட்டுட்டு நாம பங்கு வச்சா நாளைக்கு அவன் ஆவி என் வீட்டுக் கதவைத்தான் தட்டும். பிகிராய், குடுத்ததையெல்லாம் திரும்பப் பாயில போடு. அந்தப் பொம்பளையைத் தேடிக் கண்டுபிடிச்சுட்டு அப்புறம் உக்காரலாம்."

சித்தப்பா பெல்ட்டைக் கழற்றினார். அம்மா பாயின் ஓரத்து நாரைப் பிய்க்க ஆரம்பித்தாள். முப்பது வருஷம் ஒரு மனிதனுக்குச் சட்ஸா கிளறிப் போட்டவள். படியில் மூன்று பெண்கள். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் போய்விடும்.

நான் சொன்னேன். "அது என் பட்டமளிப்பு விழாவுக்கு வாங்கினது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அப்போ விழாவுக்கு ஏன் போடலை?" என்றார் சித்தப்பா.

"எனக்கு லீவு கிடைக்கலை. நாங்க போகலை."

"சூட் வாங்கி வச்ச மனுஷன், லீவு இல்லைன்னா விட்டுடுவானா? அண்ணனா? உன்னைத் தூக்கித் தோள்ல போட்டுட்டுப் போயிருப்பாரு. அப்படியே போகலைன்னாலும் வெளிய எடுத்துக் காட்டியிருப்பாருல்ல? ஒளிச்சு எதுக்கு வைக்கணும்?" அவர் குரல் தணிந்தது. "அப்பாவைக் காப்பாத்தப் பாக்கற. நல்ல பிள்ளைதான். ஆனா பொய் சொல்லாதே தம்பி."

பாதி உண்மையைச் சொன்னதில் நிலைமை இன்னும் மோசமாயிற்று. இப்போது நானும் அப்பாவுக்கு உடந்தை. அம்மா எழுந்து அறைக்குப் போகத் தரையில் கை ஊன்றினாள்.

அப்போதுதான் கவனித்தேன், காலையிலிருந்து வாய் மூடாத டொபைவா ஒரு சொல்கூடச் சொல்லாமல் சுவரோரம் நின்றார். அவருக்கு எல்லாம் தெரியும். அவர் சொல்லியிருந்தால் யாரும் கோபிக்க முடியாது. அது அவர் உரிமை. சொல்லவில்லை. அப்பாவின் மேல்கோட்டில், அப்பாவின் தோளோடு நின்று, என்னையே பார்த்தார். பிறகு இடது கையை மேலே உயர்த்தி, மெதுவாகத் தன் பக்கம் இழுத்தார். வழி சரியாக இருக்கிறது. வா.

"நான் பட்டம் வாங்கலை" என்றேன்.

அம்மாவின் கை தரையிலேயே நின்றது.

"மூணாவது வருஷம் விட்டுட்டேன். நான் இன்ஜினியர் இல்லை. பேக்கரியில மாவு பிசையறேன். முதல் நாள்லருந்தே அதான் வேலை. அப்பாவுக்குத் தெரியும். நானே என் வாயால சொல்ற அன்னிக்குத்தான் அந்த சூட்டைப் போடுவேன்னு சொன்னாரு. நான் சொல்லலை. அதான் போடலை. வேற யாரும் கிடையாது."

வெளியே ஒரு கோழி கத்தியது.

"மாவா?" என்றார் சித்தப்பா.

"மாவு."

"அப்போ என் தண்ணி பம்பு?"

"அது எப்படின்னு தெரியாமதான் கழட்டினேன் சித்தப்பா."

"எரிஞ்சு போச்சேடா அது. இன்ஜினியர் பாத்தும் சரியாகலைன்னு நான் பம்பையே தூக்கிப் போட்டேன்." அவர் அத்தையைப் பார்த்தார். "அக்கா, அது நல்ல பம்பு."

படியிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. பிகிராய் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டான். அத்தை மட்டும் சூட்டை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள்.

டொபைவா மேல்கோட்டைக் கழற்றி எறிந்தார். அத்தையின் மடியிலிருந்து சூட்டைப் பிடுங்கி, எல்லோர் முன்னாலும் தன் கால்சட்டையின் மேலேயே மாட்டினார். அப்பாவைவிட அவர் ஒரு சாண் உயரம். சூட்டின் கால் கணுக்காலுக்கு மேலே நின்றது. கடைச்சீட்டு கையில் ஆடியது. நேராகப் போய் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தார். மார்ச்சுக்குப் பிறகு அதில் யாரும் உட்காரவில்லை. வயிற்றைத் தள்ளி, தோளை இறக்கி, அப்பாவின் குரலில் சொன்னார்.

"மாய் குவின்யாய். இங்க வா. பொய் சொன்னது நான்தான். அவன் வாயையே திறக்கலை. பையனைத் திட்டாதே, என்னைத் திட்டு."

அம்மா எழுந்தாள். மெதுவாக நடந்து போய் அந்த நாற்காலிக்கு முன்னால் நின்றாள். அடித்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"மூணு வருஷம்" என்றாள். "மூணு வருஷம் என் பக்கத்துல படுத்துட்டு."

டொபைவா தலையைக் குனிந்துகொண்டார். அப்பா குனிவது போலவே.

"நான் என்ன அந்நியமா? என் பிள்ளை தோத்துட்டு வந்தா நான் கதவைச் சாத்திடுவேனா? தேவாலயத்துல எல்லார்கிட்டயும் என் மகன் இன்ஜினியர் இன்ஜினியர்னு சொல்லவிட்டுட்டு, நீங்க ரெண்டு பேரும் உள்ள உக்காந்து என்னைப் பாத்தீங்க. ஏன்யா, உனக்கு என்கிட்ட என்ன பயம்? சட்ஸாவைப் பாதியில வச்சுட்டுப் போனியே, அன்னிக்கே நினைச்சேன், இந்த மனுஷன் எதையோ முழுங்கியிருக்கான்னு. சூட் வாங்கியிருக்கே. எனக்கு ஒரு துணி எடுக்கணும்னு தோணலையா? நீ மட்டும் விழாவுக்குப் போயிடுவியா, நான் வீட்டுல கோழி பாத்துட்டு இருக்கணுமா?"

டொபைவா கையைத் தூக்கி, நில்லு என்று காட்டினார்.

"கையைக் காட்டாதே என்கிட்ட. முப்பது வருஷமா கையைக் காட்டிக் காட்டியே குடும்பம் நடத்திட்டே. வாயத் திறந்து சொல்லாமலே போயிட்டே. ஒரு வார்த்தை சொல்லாம. நாற்காலியில உக்காந்துட்டு. டீ போட்டுட்டு வந்தா ஆள் இல்லை."

அங்கே அவள் குரல் உடைந்தது. ஐந்து மாதமாக வராதது வந்தது. அழுதுகொண்டே திட்டினாள். சமையலறை ஓட்டின் ஒழுகலை அடைக்காதது, அவளுடைய தம்பி கல்யாணத்துக்கு வராதது, குறட்டை, யார்டு பூட்ஸோடு கூடத்தில் நடந்தது, எல்லாவற்றுக்கும் திட்டினாள். டொபைவா ஒரு சொல் எதிர்த்துப் பேசவில்லை. எங்கள் ஊர் ஆகஸ்ட் மாதக் குளிர்காற்று உள்ளே வந்துகொண்டிருந்தும் அவர் நெற்றியில் முத்து முத்தாக வேர்த்தது. அம்மா ஓய்ந்து தரையில் உட்கார்ந்தபோது அத்தை அவளுக்குப் பக்கத்தில் பாயை இழுத்துப் போட்டு, தோளில் கை வைத்தாள்.

"நானும் வாயை விட்டுட்டேன்" என்றாள் அத்தை. "இல்லாத பொம்பளையை இருக்கான்னு சொன்னேன். என் தம்பியைப் பத்தி. என்னையும் திட்டு, சரியாப் போகும்."

"உங்களை நாளைக்குத் திட்டறேன் அக்கா. இன்னிக்குத் தெம்பில்லை."

பிகிராய் தயங்கிக் கேட்டான். "இப்போ அந்த சூட்டை என்ன பண்றது? வேர்வை படாத துணியைப் பங்கு வைக்க முடியாதுன்னு சொன்னீங்களே."

அத்தை எழுந்து போய் டொபைவா போட்டிருந்த சூட்டின் காலரை முகர்ந்தாள். "பட்டாச்சு. நாத்தம் தாங்கலை. அவனே வச்சுக்கட்டும்." சித்தப்பா மறுபடி பெல்ட்டை மாட்டிக்கொண்டார். எனக்கு யார்டு மேல்கோட்டு வந்தது. டொபைவா அந்த சூட்டோடே, கடைச்சீட்டும் ஆட ஆட, தெருவில் நடந்து போனார். வழியில் கடையில் நின்று உப்பு வாங்கினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அப்பா அவரிடம் அதையும் சொல்லியிருந்தார்.

எனக்கு நன்றி சொல்லிப் பழக்கமில்லை. அப்பா இருந்தபோது ஒரு தடவையும் சொன்னதில்லை. அவர் சொல்லிக்கொடுத்த யார்டு விதிகள் என்னிடம் இருக்கின்றன. பிசையும் தொட்டிக்குள் இயந்திரம் நிற்காமல் கை விடாததால் என் பத்து விரலும் இருக்கின்றன; என் ஷிப்டில் எல்லோருக்கும் அப்படி இல்லை. ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த விதிகள் கிடையாது. பிளாட்பாரத்தில் எதுவும் கேட்காமல் என் பெட்டியைத் தூக்கினது வருகிறது. வீட்டு வாசலில் எனக்காகச் சொன்ன பொய் வருகிறது. அதை அவர் எனக்குக் கொடுத்துவிட்டு, திரும்பக் கொடுக்கும் நாளை என் கையிலேயே விட்டிருந்தார். ஐந்து மாதம் தாமதமாகக் கொடுத்தேன். அது அவருக்குப் போய்ச் சேர்ந்ததாகவே நினைக்கிறேன்.

விருந்தாளிகள் கிளம்பியபோது ஆறு மணி ஆகியிருந்தது. அம்மா அதுவரை என்னிடம் நேராக ஒன்றும் பேசவில்லை. அடுக்களையில் பாத்திரச் சத்தம் கேட்டது. நான் மேல்கோட்டை மாட்டினேன். தோள் தொங்கியது, கை நீளம். கழுத்துப் பக்கம் புகையிலையும் இரும்பும் கலந்த வாசனை. வாசலில் பூட்ஸ் கட்டிக்கொண்டிருந்தபோது அவள் சாப்பாட்டு டப்பாவோடு வந்தாள்.

"தினமும் ரெண்டு ரொட்டி கொண்டு வருவே" என்றாள்.

"ஆமா."

"இன்ஜினியருக்கு ரெண்டு குடுப்பாங்க, சரி. மாவு பிசையறவன் நாலு கொண்டு வரலாம்."

"கேட்டுப் பாக்கறேன்."

"கேக்காதே, கொண்டு வா." கோட்டின் காலரைத் தூக்கி விட்டாள். "அந்த டப்பாவைத் தொலைச்சுட்டு வராதே, மூடி கிடைக்காது."

நான் படி இறங்கினேன். என்னுடைய சாவியை எடுக்கப் பைக்குள் கை விட்டேன். பின்னால் அம்மா கதவைச் சாத்தினாள். உள்ளேயிருந்து சாவி திரும்பியது. பிறகு, இதுவரை அவள் செய்து நான் கேட்டிராத சத்தம்: கதவை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். டக், டக்.